வீடு மூச்சு விடவேணும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் எண்டு பழமொழி சொன்ன ஆக்கள், கட்டின வீட்டைத் திருத்திப்பார் எண்டு மட்டும் சொல்லாமல் விட்டிட்டினம். கட்டுறது ஒருக்கா. திருத்துறது சாகும்வரைக்கும். அவையள் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் இண்டைக்கு எழுதப் போறன். நான் மேசனும் இல்லை, தச்சனும் இல்லை. ஒரு உணவகத்தின்ர குசினியில வேலை செய்யிறன். ஆனால் 2019 இல இருந்து ஒரு பழைய வீட்டுக்குச் சொந்தக்காரன். அதனால பகலில வெங்காயம் வெட்டுற கை லீவு நாளில சாந்து குழைக்குது.

வீடு பலெர்மோவில, போர்கோ வெக்கியோவில. இந்த இடம் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். பொலித்தேயாமா தியேட்டருக்கும் துறைமுகத்துக்கும் உச்சார்தோனே சிறைச்சாலைக்கும் நடுவில இருக்கிற பழைய குடியிருப்பு. 16ஆம் நூற்றாண்டில நகர மதிலுக்கு வெளியில, கடல்வேலை செய்யிற ஆக்களுக்காக எழும்பினது. ஒடுங்கின தெருக்கள், சந்தை, பால்கனிக்குப் பால்கனி கட்டின கொடியில உடுப்பு, பின்னேரமானால் இறைச்சி சுடுற புகை. பேர் கெட்ட இடம் எண்டு சொல்லுவினம். காசு இல்லாத சனம் இருக்கிற இடத்துக்கு எந்த ஊரிலதான் நல்ல பேர் கிடைச்சிருக்கு? நான் இஞ்ச வீடு வாங்கினதுக்குக் காரணம் ஒண்டே ஒண்டுதான். என்ர சம்பளத்துக்கு வங்கி தந்த கடனுக்குள்ள அடங்கினது இதுதான். தரையோட இருக்கிற இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு ஜன்னல் தெருவுக்கு, ஒண்டு முற்றத்துக்கு.

அதுக்கு முதல் 12 வருசம் வாடகை வீடு. அந்த 12 வருசத்தில சுவரில ஒரு ஆணி அடிச்சது கிடையாது. சுவாமிப்படம் அலுமாரிக்கு மேல, கலண்டர் கதவுப்பிடியில, கண்ணாடி கதிரைக்கு மேல. வீட்டுக்காரன் ஏசுவான் எண்ட பயம் பாதி. மற்றப்பாதி, "எப்பிடியும் ஒருநாள் போயிடுவம்தானே" எண்ட நினைப்பு. அகதியாய் வந்த கனபேருக்கு இது விளங்கும். தண்ணிப்பைப் ஒழுகினால் கீழ வாளி வைக்கிறது, கதவு இறுகினால் ஊண்டித் தள்ளித் திறக்கிறது. திருத்தினால் இங்கயே இருக்கப்போறம் எண்டு ஒத்துக்கொண்டமாதிரி ஆயிடும் எண்டு உள்ளுக்குள்ள ஒரு எண்ணம். வீடு வாங்கிக் குடிபூரலுக்குப் பால் காய்ச்சின அண்டைக்கு மனுசி ஒண்டு சொன்னவ. "இனிமேல் வாளி வைக்கேலாது. திருத்தத்தான் வேணும்." அது எனக்கு வங்கிக் கடதாசியில கையெழுத்து வைச்சதைவிடப் பெரிய கையெழுத்தாய்த் தெரிஞ்சது.

திருத்துற வேலை எனக்கு முழுக்கப் புதுசு இல்லை. என்ர வயசு ஆக்கள் பொருளாதாரத் தடைக்குள்ள வளர்ந்த பிள்ளையள். 1990 ஜூனில வலிகாமம் வடக்கில இருந்து எழும்பேக்கை எனக்கு ஏழு வயசு. மயிலிட்டியில அப்பா கட்டின வீடு, கொக்குவிலில ஆற்றயோ வீட்டின்ர ஒரு பக்கமாய் மாறிச்சுது. மின்சாரம் இல்லை, பற்றி இல்லை, சீமெந்து இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்குச் செய்தது, சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோச் செய்தி கேட்டது எல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில கணக்கு எழுதின என்ர அப்பா அந்தக் காலத்தில மேசன், தச்சன், கொல்லன் எல்லாமாய் இருந்தவர். நான் அவருக்குச் சாமான் எடுத்துக் குடுக்கிற கையாள்.

இதில ஒரு வேடிக்கை இருக்கு. இலங்கையின்ர முதல் சீமெந்துத் தொழிற்சாலை எங்கட காங்கேசன்துறையில, எங்கட நிலத்துச் சுண்ணக்கல்லில ஓடினது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் அமைச்சராய் இருந்த காலத்தில வந்தது. 1990 இல சண்டையோட அது பூட்டுப்பட்டது. அதுக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊர்ச் சனத்துக்கே ஒரு பை சீமெந்து கண்ணில காட்டக் கிடையாது. அப்பா சூளையில சுண்ணாம்பு வாங்கி, தொட்டியில நீத்து, மணலோட குழைச்சுத்தான் வாடகை வீட்டின்ர வெடிப்பெல்லாம் அடைச்சவர். 1995 ஒக்டோபர் 30 இரவு அந்த வீட்டையும் விட்டுத் தென்மராட்சிக்கு நடந்து போனம். 96 இல திரும்பி வரேக்கை யன்னல் இல்லை, கதவு இல்லை. அப்பா திரும்பவும் சுண்ணாம்பு நீத்தவர். அவர் தன்ர வீட்டைத் திருத்தினதே கிடையாது. 23 வருசம் மற்றாக்களின்ர வீட்டைத் திருத்திக்கொண்டிருந்து 2013 இல செத்துப்போனார்.

இப்ப போர்கோ வெக்கியோவுக்கு வருவம்.

நாங்கள் வாங்கேக்கை மகளின்ர அறைச் சுவர் பளிச்செண்டு வெள்ளையாய் இருந்தது. முதல் மாரியோட உண்மை வெளியில வந்தது. தரையில இருந்து இடுப்புயரத்துக்கு ஈரம், கறுப்புப் பூஞ்சணம், வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்துச் சாந்து பொருக்குப் பொருக்காய் விழுந்தது. பிள்ளைக்கு இரவில இருமல். முதல் இருந்தவை சீமெந்துச் சாந்து பூசி, அதுக்கு மேல பிளாஸ்ரிக் பெயின்ற் அடிச்சு மூடி வித்துப்போட்டினம். ஒரு கொம்பனிக்காரர் வந்து பார்த்து, இன்னும் மொத்தமாய்ச் சீமெந்து பூசி, ஜிப்சம் பலகையால மறைச்சுத் தாறம் எண்டு ஒரு விலை சொன்னவை. அது என்ர மூண்டு மாசச் சம்பளத்துக்கு மேல.

எங்களுக்கு மேல்மாடியில ஒரு கிழவர் இருக்கிறார். 40 வருசம் சுவர் பூசுற வேலை செய்து ஓய்வெடுத்தவர். தெருவில எல்லாரும் அவரை மாஸ்த்ரோ எண்டுதான் கூப்பிடுறது. நானும் அப்பிடித்தான். அவர் வந்து சுவரை ஒருக்காத் தட்டிப் பார்த்தார். சீமெந்தில ஒரு துண்டைக் கிளப்பி உள்ளுக்க இருந்த மஞ்சள் கல்லைக் காட்டினார். "இந்தக் கல் மூச்சு விடவேணும். இதின்ர வாயைப் பொத்திப்போட்டாங்கள்" எண்டார். நான் அந்தக் கல்லைக் கிட்டப் பார்த்தன். உள்ளுக்கச் சின்னச் சின்னச் சிப்பி. எங்கட ஊர்க் கிணறு வெட்டேக்கை வாற கல்லில பார்த்த அதே மாதிரி.

இதைக் கொஞ்சம் விளக்கமாய்ச் சொல்லவேணும். பலெர்மோவில பழைய வீடெல்லாம் ஒருவகை மெதுவான மணற்சுண்ணக்கல். இஞ்சத்தைய ஆக்கள் தூஃபோ எண்டு சொல்லுவினம். உண்மையில அது எரிமலைக் கல் இல்லை, கடலடியில சிப்பியும் மணலும் படிஞ்சு இறுகின கல். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இதைவிடக் கனக்கப் பழசு, கடினமும் கூட. ஆனால் இரண்டும் கடல் பெத்த பிள்ளையள்தான். இந்தக் கல் பாணைப்போலத் தண்ணியை உறிஞ்சும். நிலத்து ஈரம் அதுக்குள்ளால மேல ஏறும். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தால், ஏறின ஈரம் சாந்துக்குள்ளால வெளியில வந்து காற்றோட போயிடும். சீமெந்து பூசினால் போக வழியில்லை. ஈரம் சீமெந்துக்குப் பின்னால இன்னும் மேல ஏறும், கல்லுக்குள்ள இருக்கிற உப்பைக் கரைச்சுக் கொண்டுவந்து, காயிற இடத்தில பளிங்காக்கி, சாந்தையும் கல்லையும் சேர்த்து உடைக்கும். கொம்பனிக்காரர் சொன்ன வைத்தியம் நோயைக் கூட்டுற வைத்தியம்.

நான் 2004 இல யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குப் போய், 2006 ஓகஸ்டில முகமாலைப் பாதை பூட்டினதோட படிப்பைப் பாதியில விட்டனான். அந்தப் பாதிப் படிப்பில மிஞ்சின இரசாயனம் இப்பத்தான் பயன்பட்டது. சுண்ணக்கல்லைச் சூளையில 900 பாகை அளவில சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியில போய் நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். அதில தண்ணி விட்டால் கொதிச்சு நீறும். மணலோட குழைச்சுச் சுவரில பூசினால், காற்றில இருக்கிற காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல எடுத்துத் திரும்பவும் கல்லாகும். கல்லாய் இருந்தது கல்லாகவே போய் முடியுது. பலெர்மோவில 1656 இல பிறந்த ஜாக்கோமோ செர்போத்தா எண்ட சிற்பி, சான் லொரென்சோ சிற்றாலயத்துச் சுவரில குழந்தையளையும் தேவதூதரையும் செய்து வைச்சிருக்கிறார். சுற்றுலா வாற சனம் காசு குடுத்துப் பார்க்குது. அதுவும் சுண்ணாம்பும் ஜிப்சமும் சலவைக்கல் தூளும்தான். அப்பா கொக்குவிலில நீத்ததும் அந்தச் சுண்ணாம்புதான்.

செய்யப்போற ஆக்களுக்கு உதவும் எண்டு முறையை எழுதுறன்.

முதல் வேலை பூசுறது இல்லை, தண்ணி எங்கயிருந்து வருது எண்டு பார்க்கிறது. பீலி ஒழுகுதோ, குழாய் வெடிச்சிருக்கோ, குளிர் சுவரில மூச்சுக்காற்று வேர்க்குதோ, நிலத்தால ஏறுதோ எண்டு. நிலத்தால ஏறினால் ஈரம் கீழ்ப்பக்கம் ஒரு கோடு போட்டமாதிரி நிக்கும், உப்பும் பூக்கும். குழாய் ஒழுகினால் ஒரு இடத்தில வட்டமாய் வரும். அடுத்தது, சீமெந்து முழுக்கக் கொத்தி எடுக்கவேணும், ஈரக்கோட்டுக்கு மேலயும் ஒரு முழமாவது. உப்பைக் காய்ஞ்சபடி தும்புத்தூரிகையால தட்டிக் கூட்டி அள்ளவேணும். தண்ணி ஊத்திக் கழுவினால் திரும்ப உள்ளுக்க போயிடும். பிறகு பொறுமை. சுவரைத் திறந்தபடி ஒரு கோடை காயவிட்டம். பிள்ளை எங்களோட குசினிப் பக்கம் படுத்தவள். அதுக்குப் பிறகு ஒரு பங்கு நீத்த சுண்ணாம்பு, மூண்டு பங்கு கழுவின மணல். கடற்கரை மணல் வேண்டாம், அதில உப்பு. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல தடிப்பில்லாமல் படை படையாய்ப் பூசி, ஒவ்வொரு படையும் இறுகவிட்டு, வெடிக்காமல் இருக்கத் தண்ணி தெளிக்கவேணும். யூலை வெய்யிலில செய்யாதேங்கோ, கெதியாய்க் காய்ஞ்சு வெடிச்சுப்போடும். கடைசியாய்ச் சுண்ணாம்பு வெள்ளை மெல்லிசாய் மூண்டு தரம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

இப்ப ஈரம் முழுக்கப் போயிட்டுதோ எண்டு கேட்டால், இல்லை. நிலம் ஈரமாய்த்தான் இருக்கும், கல் உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் வாறது வெளியில போகுது. பூஞ்சணம் இல்லை, இருமல் இல்லை. சில வருசத்துக்கு ஒருக்காக் கீழ்ப்பக்கச் சாந்தைக் கொத்திப் புதுசாய்ப் பூசவேணும் எண்டு மாஸ்த்ரோ சொல்லியிருக்கிறார். சாந்து தான் அழிஞ்சு கல்லைக் காப்பாத்துது.

மெதுவான கல் எண்டதால இன்னொரு கரைச்சலும் இருக்கு. ஆணி நிக்காது. 1958 இல ஆர்தூர் ஃபிஷர் எண்ட ஜேர்மன்காரர் கண்டுபிடிச்ச பிளாஸ்ரிக் அடைப்பானை இத்தாலியில ஃபிஷர் எண்டே கடையில கேட்கிறது. சாதாரண அளவு இந்தக் கல்லுக்குள்ள சுத்திக்கொண்டு நிக்கும். துளையை நீளமாய் அடிக்கவேணும், அதிர்வுத் துளைப்பை நிப்பாட்டிப்போட்டுத் துளைக்கவேணும், பாரமான அலுமாரி எண்டால் துளைக்குள்ள பசை விட்டு இறுக்கிற வகையை வாங்கவேணும்.

அடுத்தது தண்ணி. பலெர்மோ வீடுகளில தாங்கி வைச்சிருக்கிறது ஆடம்பரம் இல்லை. இஞ்ச எவ்வளவோ காலம் முறை வைச்சுத்தான் தண்ணி வந்தது. 2024 இல சிசிலி முழுக்க வறண்டு, ஒக்டோபரில திரும்பவும் நகரத்தின்ர பல பகுதிகளுக்கு முறை வைச்சவை. அந்த நேரம் எங்கட தெருவில கனபேருக்குத் தாங்கி மிதவை இறுகி, தண்ணி வந்த நாளிலயும் நிரம்பேல்லை. மிதவை மாத்துறது அரை மணித்தியால வேலை. தண்ணிப்பைப்பில கல்லுப் படிஞ்சால், முனையில இருக்கிற சல்லடையைக் கழட்டி விநாகிரியில ஊறப்போட்டால் சரி. ஆனால் அந்த விநாகிரியைச் சலவைக்கல் தரையிலயோ பழைய சீமெந்துப் பூ ஓட்டிலயோ சிந்தாதேங்கோ. அமிலம் சுண்ணாம்பைத் தின்னும், பளபளப்புப் போனால் திரும்பி வராது. அதைவிடப் பெரிய ஆபத்து, வெளுக்கிற தண்ணியையும் அமிலத்தையும் ஒண்டாய் ஊத்துறது. குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறைக்குள்ள அது ஆளைக் கொல்லும்.

இனி, நான் தொடாத வேலையள். எங்கட தலைமுறைக்கு ஒரு கெட்டித்தனம் இருக்கு, ஒப்பேத்துறது. பியூஸ் போனால் செப்புக்கம்பி சுத்துறது, வயரை முறுக்கி ரேப் ஒட்டுறது. தடைக்காலத்தில அது உயிரைக் காப்பாத்தின கெட்டித்தனம். இஞ்ச அது உயிரை எடுக்கும். 1990 மார்ச்சில இத்தாலியில ஒரு சட்டம் வந்தது, 46ஆம் இலக்கம். வீட்டு மின்சாரமும் காஸும் தகுதி பெற்ற ஆக்கள்தான் பொருத்தவேணும், செய்து முடிச்சு ஒரு உறுதிப்பத்திரம் தரவேணும் எண்டு. அந்த வருசம் ஜூனில எங்கட ஊரில மின்சாரமே இல்லாமல்போனதை நினைச்சுப் பார்த்தன். 2008 இல 37ஆம் இலக்க ஆணை அதைப் புதுப்பிச்சது. பல்ப் மாத்துறது, பழுதான ஒரு பிளக்கை அதே மாதிரி மாத்துறது போன்ற சில்லறைப் பராமரிப்பு நீங்கள் செய்யலாம். புது லைன் இழுக்கிறது, காஸ் குழாயில கை வைக்கிறது கூடாது. உங்கட பெட்டியில சல்வவீத்தா எண்டு சொல்லுற பாதுகாப்பு ஆளி இருக்கோ எண்டு பாருங்கோ. 30 மில்லி அம்பியர் கசிஞ்சாலே அறுத்துவிடும். அதில ரி எண்டு போட்ட பொத்தானை மாசத்துக்கு ஒருக்கா அமத்துங்கோ. விழாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கோ.

அஸ்பெஸ்ரசும் அப்பிடித்தான். 1992 இல இத்தாலி அதைத் தடை செய்தது. ஆனால் பழைய கூரைத் தகடும் தண்ணித் தாங்கியும் இன்னும் மொட்டைமாடியளில கிடக்கு. அதை வெட்டாதேங்கோ, துளைக்காதேங்கோ, தேய்ச்சுக் கழுவாதேங்கோ. அனுமதி பெற்ற ஆக்கள் வந்து எடுக்கட்டும். காசு மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறன் எண்டால், ஒரு கோபம் இருக்கு. ஊரில எங்கட ஆக்கள் வெளிநாட்டுக் காசில கட்டின மாடிவீடுகளைப் பாருங்கோ. சலவைக்கல் தரை, கிறானைற் குசினி, நாலு குளியலறை. வருசத்தில இரண்டு கிழமை ஆக்கள் இருப்பினம். மிச்ச நாள் பூட்டு. கதவு நிலையில கறையான், கூரைக்குள்ள வௌவால், குழாய் ரப்பர் காய்ஞ்சு வெடிப்பு. ஒரு மாரியில பீலி அடைச்சால் எடுத்துவிட ஆளில்லை. அடுத்த முறை போகேக்கை சீலிங் கீழ கிடக்கும். போர்கோ வெக்கியோவில சில கட்டடம் 300 வருசத்துக்கு மேலயாய் நிக்குது. 1943 மே 9 இல துறைமுகத்தையும் நகரத்தையும் குண்டு போட்டு நொருக்கினதுக்குப் பிறகும் நிக்குது. காரணம் பணக்காரர் இருந்ததில்லை. ஒவ்வொரு வருசமும் ஆரோ ஒருத்தர் ஏணி வைச்சு ஏறிப் பீலி கூட்டியிருக்கினம், ஆரோ ஒருத்தி வாளியில சுண்ணாம்பு கரைச்சு அடிச்சிருக்கிறா. வீடு காசில நிக்கிறதில்லை, ஆளின்ர கையில நிக்குது.

ஆகையால இதை வாசிச்சு முடிச்ச கையோட ஒரு வேலை செய்யுங்கோ. லண்டனோ ரொறன்ரோவோ பாரிசோ, சொந்த வீடோ வாடகையோ, எழும்பிப் போய் உங்கட தண்ணி மெயின் ஆளி, காஸ் ஆளி, மின்சாரப் பெட்டி மூண்டும் எங்க இருக்கு எண்டு பாருங்கோ. திருப்பிப் பார்த்து, இறுகியிருந்தால் இளக்கி வையுங்கோ. வீட்டில இருக்கிற பிள்ளையளுக்கும் காட்டிக் குடுங்கோ. என்ர மகளுக்கு இப்ப 12 வயசு. மூண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நிப்பாட்டுவாள்.

மயிலிட்டியை 2017 இல இருந்து துண்டு துண்டாய்த்தான் விட்டவை. எங்கட காணியில வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் மிச்சம். தம்பி அங்க மாடி கட்டுவம், காசு அனுப்பு எண்டு கேட்கிறான். முதல் கிணத்தை இறைச்சுத் தூர் எடு, அதுக்குக் காசு அனுப்புறன் எண்டு சொல்லியிருக்கிறன். வருசா வருசம் இறைக்க ஒரு ஆள் அங்க இருப்பார் எண்டால், அதுக்குப் பிறகு வீட்டைப் பற்றிக் கதைப்பம்.